அடுத்த பாட்டிலும் அவள்

மார்ச் 4

அக்காவுக்கு,

போன வாரம் போன் செய்தது நான்தான். "ஹலோ" என்ற ஒரே சொல்லில் ஆளைக் கண்டுபிடித்து, வைத்துவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன். கடிதத்தைக் கிழிப்பதற்குள் இரண்டு வரியாவது கண்ணில் பட்டுவிடும் என்ற நப்பாசை.

நான் இப்போது ஒரு சின்ன இசைத்தட்டுக் கம்பெனியில் இருக்கிறேன். மேடை ஏறுவதில்லை. படகு கவிழ்ந்த பிறகு பேஸ் கிட்டாரைக் கையில் எடுக்கவே இல்லை. பழைய ஒலிநாடாக்களைத் துடைத்து, இரைச்சலைக் குறைத்து, மறுபடி வெளியிட வைப்பது என் வேலை. இந்த முறை முதலாளி ஒரு தொகுப்புத் தட்டை என் தலையில் கட்டியிருக்கிறார். ஒரே ஆளின் பாட்டுகள் இல்லை, பல பேருடையது. கிட்டாரும் டிரம்ஸுமாக அலறுகிற ராக் குழுக்கள், வேலை செய்துகொண்டே பாடுகிற நாட்டுப்புறக் குரல்கள், எல்லாம் கலந்து. "யாருடா இதை வாங்குவான்?" என்று கணக்குப் பிள்ளை கேட்டார். நானே வாங்குவேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே இந்த மாதிரித் தட்டுகள்மேல் கிறுக்கு. தெரிந்த ஒருவருக்காக வாங்குவோம், அவருக்கு அடுத்தாற்போல் உட்கார்ந்திருக்கிற முன்பின் தெரியாத ஒருத்தியிடம் மனதைப் பறிகொடுப்போம். பஸ்ஸில் பக்கத்து இருக்கை அமைகிற மாதிரிதான். அதைவிட முக்கியமாக ஒன்று உண்டு. வாழ்நாளில் ஒரே ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போனவர்களுக்கு யார் தனித் தட்டு போடுவார்கள்? அவர்கள் குடியிருக்க இந்த ஒரு இடம்தான்.

எங்கள் குழுவுக்கும் ஒரே ஒரு பாட்டு. அந்த நாடா கிடைத்துவிட்டது.

உங்கள் தங்கை, எங்கள் சில்வண்டு, பாடுகிறாள், அக்கா. நேற்றுப் பாடியது போல இருக்கிறது. இதைத் தொகுப்பில் சேர்க்க, படகில் போன மூன்று பேருடைய வீடுகளின் சம்மதமும் வேண்டும். கிட்டார் வாசித்தவன் வீட்டில் சரி என்றார்கள். டிரம்ஸ் அடித்தவனுடைய அம்மா, "அவன் அடிக்கிற சத்தம் அதுல இருக்கும்ல? அது போதும்பா" என்றார். இனி நீங்களும் உங்கள் அம்மாவும்தான்.

ஒட்டடைக்குச்சி


மார்ச் 12

ஒட்டடைக்குச்சிக்கு,

கிழிக்கவில்லை. படித்தேன். முடியாது.

என் தங்கை வைத்த பெயரில் நீ கையெழுத்துப் போட்டிருப்பதைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவள் இல்லை. அவளோடு மேடை ஏறிய மற்ற இரண்டு பேரும் இல்லை. உனக்கு மட்டும் பொன்னுக்குவீங்கி வந்து, நீ அந்தப் படகில் ஏறாமல் வீட்டில் படுத்துக் கிடந்தாய். அது உன் தப்பு இல்லை, தெரியும். ஆனால் மூன்று வீட்டிலும் அழுகை ஓயாத நேரத்தில் வீங்கிய கன்னத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றாயே. நான் உன்னைப் பார்த்த பார்வை எனக்கே நினைவிருக்கிறது. இன்றைக்கு வந்து நின்றாலும் அப்படித்தான் பார்ப்பேன். அதனால்தான் போனை வைத்தேன்.

மற்ற இருவர் உடம்பும் கரை ஒதுங்கியது. எங்களுக்கு அதுகூட இல்லை. அம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்து பாதிப் பார்வைதான் இருக்கிறது. ஆனாலும் தையல் மிஷினை விடவில்லை. யாருக்காவது ரவிக்கை தைத்தால் மிச்சத் துணியை எடுத்து வைத்துக்கொண்டு, "இந்தக் கலர் அவளுக்கு எடுப்பா இருக்கும்" என்கிறார். "இருந்திருக்கும்" என்று ஒருநாளும் சொன்னதில்லை. நானும் திருத்தினதில்லை. நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று நாளெல்லாம் சொல்கிறேன். வீட்டிலும் நாங்கள் அப்படித்தான் இருக்கிறோம். இதில் அவள் குரலைக் கொண்டுவந்து போட்டால் அம்மா என்ன ஆவார்?

வேண்டாம். வேறு பாட்டு பார்த்துக்கொள்.


மார்ச் 20

அக்காவுக்கு,

சரி. உங்கள் சொல்லை மீறிப் போட மாட்டேன்.

ஆனால் மாதிரித் தட்டு ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். எங்கள் பாட்டு இதில் இருக்கிறது. அம்மா கண்ணில் படாமல் நீங்கள் மட்டும் ஒருமுறை கேளுங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால், அந்த இடத்தை வெட்டிவிட்டு மற்றதை ஒட்டிவிடுகிறேன்.

எங்கள் பாட்டு முடிகிற இடத்தைக் கவனியுங்கள். குரல் நின்ற பிறகும் டிரம்ஸ் மட்டும் கொஞ்ச தூரம் தனியாக ஓடும். அதற்குப் பின்னால் எதை வைத்தாலும் ஒட்டாமல் இருந்தது. கடற்கரையில் கயிறு திரிக்கிற கூடம் ஒன்றில் எடுத்த பாட்டு இருந்தது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஊறவைத்த நாரைக் கட்டையால் அடித்துக்கொண்டே பாடுவது. ஒருத்தி முன்பாட்டு, மற்றவர்கள் பின்பாட்டு. சும்மா வைத்துப் பார்த்தேன். டிரம்ஸ் விட்ட அடியைக் கட்டைகள் அப்படியே பிடித்துக்கொண்டன! வேகம்கூட மாறவில்லை. எங்கள் டிரம்மர் எழுந்து போய் அந்தப் பெண்களோடு உட்கார்ந்துகொண்ட மாதிரி.

ஒட்டடைக்குச்சி


ஏப்ரல் 9

நீ என்ன வேலை செய்து வைத்திருக்கிறாய்?

தட்டை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். அம்மா பாதிக் கண்ணோடு அதையும் தடவி எடுத்துவிட்டார். நான் வேலையிலிருந்து வந்தபோது வாசலிலேயே கேட்டது. என் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. உங்கள் பாட்டு முடிகிற வரைக்கும் அம்மா மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தார், ஏதோ ரேடியோ கேட்கிற மாதிரி. அழவில்லை. "நல்லாப் பாடியிருக்கா. கொஞ்சம் அவசரப்பட்டுட்டா" என்றார், அவ்வளவுதான். எனக்கு உயிர் வந்தது.

அடுத்த பாட்டு வந்தது. கட்டைச் சத்தம். பெண்கள் சேர்ந்து பாடினார்கள். மிஷின் நின்றுவிட்டது.

"இதுலயும் அவ பாடறா" என்றார்.

"இல்லம்மா, இது வேற ஆளுங்க. எங்கயோ கயிறு திரிக்கிறவங்க."

"ஆளுங்க வேறயா இருக்கலாம். அதுல ஒருத்தி இவ. மறுபடி வை."

வைத்தேன். மறுபடி மறுபடி வைத்தேன். தொண்டையில் சதை வளர்ந்து அறுத்தார்களே சின்ன வயதில், அதற்குப் பிறகு அவளுக்கு நீட்டி முடிக்கிற இடத்தில் ஒரு சின்ன விக்கல் விழும். நீயும் கேட்டிருப்பாய். பின்பாட்டில் எல்லோரும் முடித்த பிறகு, ஒரே ஒரு குரல் அப்படி விக்கி விழுகிறது.

அவள் குரலை அறுத்து அந்தப் பாட்டில் ஒட்டினாயா? அழகுக்காகச் செய்தாயா? செய்திருந்தால் சொல்லிவிடு. நான் திட்டிவிட்டு மறந்துவிடுகிறேன். முறிவு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் எந்தப் படத்திலும் முறிவு தெரியும், இது என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானும் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் எனக்கும் கேட்கிறது. உடனே எழுது.


ஏப்ரல் 16

அக்கா,

சத்தியமாக நான் எதையும் ஒட்டவில்லை.

உங்கள் கடிதம் வந்ததும் மூல நாடாவைப் போட்டேன். மற்ற குரல்களைக் குறைத்து, அந்த ஒன்றை மட்டும் மேலே கொண்டுவந்தேன். கேட்டுவிட்டு இயந்திரத்தை நிறுத்தினேன். அறைக்கு வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். கணக்குப் பிள்ளை வந்து, "என்னய்யா, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றார். ஆமாம் என்றேன்.

இத்தனை மாதமாக அந்தப் பாட்டைத் தனியாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் பாட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்த பிறகும் எனக்குக் கட்டைச் சத்தம்தான் கேட்டது. அம்மாவுக்கு ஆள் கேட்டிருக்கிறது.

அதைப் பதிவு செய்தவர் வானொலியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் ஊராகப் போய்ப் பாட்டு சேகரித்தவர். அவரைத் தேடிப் போனேன். எப்போது எடுத்தது என்று கேட்டேன். அவர் சொன்ன வருடத்தைக் கேட்டுத் திரும்பவும் கேட்டேன். படகு கவிழ்ந்ததற்கு அடுத்த வருடம், அக்கா.

அம்மாவிடம் இதைச் சொல்லாதீர்கள். குரலுக்குக் குரல் ஒத்துப்போவது உலகத்தில் நடக்காததில்லை. நான் அங்கே போகிறேன்.


மே 2

அக்காவுக்கு,

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

அவள் உயிரோடு இருக்கிறாள்.

படகு கவிழ்ந்த இடத்திலிருந்து கடற்கரையோரமாக வெகு தூரம் தள்ளி இருக்கிறது அந்தக் கயிற்றுக் கூடம். தகரக் கூரை, பக்கம் முழுக்கத் திறப்பு, தரையெல்லாம் நார்ப் புழுதி. நான் போனபோது பெண்கள் கட்டையால் அடித்துக்கொண்டிருந்தார்கள், பாட்டு இல்லை. முன்பாட்டுக்காரம்மா எழுந்து வந்து என்ன வேண்டும் என்றார். நான் பதில் சொல்வதற்கு முன்னால் வரிசையில் ஒரு கட்டை நின்றது. தலையில் துணி கட்டிய ஒருத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடி பாதி நரைத்துவிட்டது. நான் தாண்டிப் போயிருப்பேன். அவள்தான் பேசினாள்.

"கன்னம் வத்திடுச்சா?" என்றாள்.

கயிற்றுச் சுருள் ஒன்றின்மேல் உட்கார்ந்தேன். முன்பாட்டுக்காரம்மா என்னைவிட அதிர்ந்துபோய் நின்றார்; அவளைத் தெரிந்தவர் என்று இதுவரை யாரும் வந்ததில்லை. அவள் அங்கே வந்து ஒரு மழைக்காலம் முழுக்க வாயே திறக்கவில்லையாம். ஊமை என்றுதான் நினைத்தார்களாம். முதலில் வந்தது பேச்சு இல்லை, பின்பாட்டு.

கூடத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தோம். அவளாகச் சொன்னாள்.

"படகு சாஞ்சதும் கிட்டார்க்காரனை நான் பாக்கவே இல்ல. டிரம்ஸ் வைக்கிற பெட்டி ஒண்ணு மிதந்துச்சு. டிரம்மர்தான் அதைப் பிடிச்சிருந்தான். ரெண்டு பேரைத் தாங்கல. அவன் ஒண்ணும் பேசல. என் பக்கம் தள்ளிவிட்டான்."

கீழே கிடந்த நாரை எடுத்து விரலால் திரிக்க ஆரம்பித்தாள்.

"ஏன் வீட்டுக்கு வரல?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ.

"ஒரு வாரத்துல வந்திருக்கலாம். முதல்ல உடம்பு முடியல. அப்புறம் அந்த ரெண்டு வீட்டு அம்மாங்களையும் நெனச்சேன். நீ மட்டும் எப்படி வந்தேன்னு வாயால யாரும் கேக்க மாட்டாங்க. கண்ணால கேப்பாங்கல்ல? நாளைக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னு இருந்தேன். ஒரு மாசம் கழிச்சு எந்த முகத்தோட போறது? ஒரு வருஷம் கழிச்சு?"

"நான் பாத்தேன் அந்தக் கண்ணையெல்லாம்" என்றேன். "தனியா நின்னு பாத்தேன்."

அவள் அப்போதுதான் அழுதாள். எனக்காக அழுதாள் என்று நினைக்கிறேன். நான் உங்கள் வீட்டு வாசலில் நின்றதைச் சொல்லவில்லை.

பாட்டைப் பற்றிக் கேட்டேன். தனியாகப் பாட இனி வராதாம். "இங்க என் குரல் எங்க இருக்குன்னு எனக்கே தெரியாது. அது நல்லா இருக்கு" என்றாள். அம்மா கண்டுபிடித்ததைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள். தொகுப்பில் பெயர் எப்படிப் போட என்றேன். "அந்தப் பாட்டைப் பாடினவ செத்துட்டா. அவ பேரைப் போட்டுக்க. இங்க இருக்கிறவளுக்குப் பேர் வேண்டாம்."

அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதை உங்களிடம் விட்டுவிட்டாள். தான் வர மாட்டேன் என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னாள்.

அக்கா, திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. செத்துப்போனவளை இத்தனை காலம் நான் அருகிலேயே வைத்திருந்தேன். உயிரோடு இருக்கிறவளைப் பார்த்த பிறகுதான் தொலைத்த மாதிரி இருக்கிறது.

ஒட்டடைக்குச்சி


மே 11

தம்பி,

நான்கு முறை எழுதிக் கசக்கிப் போட்டுவிட்டேன்.

உயிரோடு இருக்கிறாள் என்று படித்ததும் சந்தோஷம் வரும் என்றுதானே நினைப்பாய்? வரவில்லை. ஓங்கி ஒரு அறை கொடுக்க வேண்டும் போல வந்தது. அம்மா வெட்டி வைத்த துணிகளையெல்லாம் மூட்டையாகக் கட்டிக் கொண்டுபோய் அவள் முன்னால் கொட்ட வேண்டும் போல இருந்தது. ஆஸ்பத்திரியில் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வெளியே வரிசை கட்டி நின்றவர்கள் கதவைத் தட்டினார்கள்.

அப்புறம் உன் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். கண்ணால் கேட்பார்கள் என்று அவள் பயந்தாளே, அந்தக் கண் வேறு யாருடையதும் இல்லை. என் கண்தான். அவள் கற்பனை செய்ததை நான் உனக்குச் செய்தே காட்டியிருக்கிறேன். நீ அவளிடம் அதைச் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். படித்தபோது எனக்கு எழுத்து தெரியவில்லை.

அம்மாவிடம் நான் சொல்ல வேண்டி வரவில்லை. நேற்றுச் சாப்பிட்டுக்கொண்டே, "அந்தக் கயிறு திரிக்கிற ஊருக்கு எந்த பஸ் போகும்?" என்று கேட்டார். நான் தண்ணீர் எடுக்கப் போகிறவள் மாதிரி எழுந்தேன். "உன் மூஞ்சி தெரியலைன்னாலும் நீ மூக்கை உறிஞ்சறது கேக்குதுடி" என்றார்.

போகிறோம்.


ஜூன் 3

தம்பி,

போய் வந்துவிட்டோம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாடிக்கொண்டிருந்தார்கள். அம்மா கூடத்து விளிம்பில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு என் கையை விட்டுவிட்டு, வரிசையின் ஒரு பக்கமாகக் கையை நீட்டி, "அங்க இருக்கா" என்றார். சரியாக அங்கேதான் இருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் குரல் நின்றது. கட்டை நிற்கவில்லை. நான் உள்ளே ஓடப் பார்த்தேன். அம்மா என் புடவையைப் பிடித்து இழுத்து, "வேலை முடியட்டும்" என்றார். கொஞ்ச நேரத்தில் அந்தக் குரல் மறுபடி சேர்ந்துகொண்டது.

மதிய மணி அடித்ததும் வந்தாள். தரையில் உட்கார்ந்திருந்த அம்மா மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். அம்மா அவள் கையை எடுத்துத் தடவிப் பார்த்தார். "இப்படிக் காய்ச்சுப் போச்சே" என்றார். "பழகிடுச்சும்மா." ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. மூட்டை நிறையக் கேள்வியோடு போன நானும் ஒன்றும் கேட்கவில்லை. அறைவேன் என்றேனே, தலைத் துணியை அவிழ்த்து அவள் முடியில் இருந்த நாரையெல்லாம் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது மட்டும் கேட்டேன். "வீட்டுக்கு வாயேன்டி."

"அந்த ரெண்டு வீட்டைத் தாண்டித்தானேக்கா நம்ம வீடு" என்றாள்.

பஸ்ஸில் எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "பெத்தவதானே நீ? கையைப் பிடிச்சு இழுத்துட்டு வர வேண்டியதுதானே?" என்று அம்மாவிடம் கத்திவிட்டேன். முன் இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "அவ பாட்டுக்குப் பாடட்டும், விடு" என்றார். வீட்டுக்கு வந்த பிறகு மிஷினில் உட்காரவே இல்லை. தட்டைப் போட்டு, அந்தப் பின்பாட்டு வருகிற இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறார்.

உங்கள் பாட்டைப் போட்டுக்கொள். பெயர் அவள் சொன்னபடியே.

நான் எழுத வந்தது இது இல்லை. போன வாரம் டிரம்மருடைய அம்மா கையில் அடிபட்டு எக்ஸ்ரே எடுக்க வந்தார். நீ தட்டு அனுப்பியிருக்கிறாயாமே. கையைப் பலகையில் வைத்துச் சரிசெய்துகொண்டிருந்தேன். "தனியா அந்த டிரம்ஸ் ஓடுற இடத்துல எனக்கு என்னமோ பண்ணுது" என்றார். பிறகு சும்மா கேட்கிற மாதிரி, "ஏன்மா, கடைசி நேரத்துல அவன் பக்கத்துல யாராச்சும் இருந்திருப்பாங்களா?" என்று கேட்டார்.

"இருந்தாங்கம்மா" என்றேன்.

"இருந்திருப்பாங்க" என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். வாய் முந்திக்கொண்டது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் கோபம் இல்லை, தம்பி. நாம் எல்லோரும் பயந்தோமே, அது எதுவும் இல்லை. பசித்தவர்களுக்கு இருக்குமே, அப்படி ஒரு பார்வை. மேற்கொண்டு கேட்கவும் இல்லை. படம் எடுத்து முடித்து, சேலைத் தலைப்பால் கையைப் போர்த்திக்கொண்டு போய்விட்டார்.

அவன் அந்தப் பெட்டியைத் தள்ளிவிட்ட கதை அந்த அம்மாவுக்குச் சேர வேண்டியது. அதை நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம். தங்கைக்கு எழுதிக் கேட்டேன். இன்று அவளிடமிருந்து பதில் வந்தது. ஒரே வரி: "சொல்லிடுக்கா."

சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போகிறேன். அந்தக் கதவை என்னால் தனியாகத் தட்ட முடியாது. நீயும் வா.